இதயக் குழாய் அடைப்பு: ரத்த ஓட்டத்தை அளந்து ஸ்டென்ட் தேவையா என்று முடிவு செய்வது எப்படி? எஃப்எஃப்ஆர் முழுமையான வழிகாட்டி

ஆஞ்சியோகிராம் முடிந்ததும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் முதலில் சொல்லப்படுவது ஒரு சதவீதம். "70 சதவீத அடைப்பு இருக்கிறது." கேட்டவர்கள் உடனே ஸ்டென்ட் எப்போது வைப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. இந்த அடைப்பு, இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தை உண்மையிலேயே குறைக்கிறதா? குறைத்தால் எவ்வளவு?

இதை அளக்க முடியும். அந்த அளவீட்டைத்தான் கேத் லேப்பில், அதாவது ஆஞ்சியோ செய்யும் அறையில், எஃப்எஃப்ஆர் (ஃப்ராக்ஷனல் ஃப்ளோ ரிசர்வ்) என்கிறார்கள். கேத் லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன், நர்ஸ், பயிற்சி மருத்துவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடைப்பு இருப்பதாகத் தெரிந்து, அடுத்து என்ன என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களும் படிக்கலாம். மருந்தளவு வரும் இடங்களை வேகமாகத் தாண்டிவிட்டு மற்றவற்றை நிதானமாகப் படியுங்கள். சிகிச்சை முடிவு மட்டும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமாக, கவனமில்லாமல் எடுத்த எஃப்எஃப்ஆர், எடுக்காமலே விட்டதைவிட மோசமானது. திரையில் 0.82 என்று ஒரு எண் வந்துவிட்டால் எல்லோரும் அதை நம்பிவிடுவார்கள். அது சரியாக அளந்த 0.82தானா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் தவறுகளைப் பற்றிய பகுதி இங்கே சற்று நீளமாக இருக்கும்.

படம் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை

ஆஞ்சியோ என்பது குழாயின் உள்வெளியை நிரப்பிய சாயத்தின் நிழல். இரு பரிமாண நிழல். ஒரு பக்கமாக மட்டும் கொழுப்பு படிந்த குழாய், ஒரு கோணத்தில் அகலமாகவும் இன்னொரு கோணத்தில் குறுகலாகவும் தெரியும். "இத்தனை சதவீதம்" என்று சொல்ல, பக்கத்திலுள்ள நல்ல பகுதியோடு ஒப்பிட வேண்டும். குழாய் முழுவதுமே மெலிந்திருந்தால் ஒப்பிட நல்ல பகுதியே கிடையாது. போதாக்குறைக்கு, பெரும்பாலும் இந்தச் சதவீதம் கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு அனுபவசாலிகள் வேறு வேறு எண்ணைச் சொல்வது சாதாரணம்.

சதவீதத்திலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. ஆஞ்சியோவில் சொல்வது விட்டத்தின் சதவீதம். விட்டம் 50 சதவீதம் குறைந்தால் குழாயின் குறுக்குப் பரப்பு 75 சதவீதம் குறைந்துவிடுகிறது. 70 சதவீத விட்டக் குறைவு என்றால் பரப்பில் 91 சதவீதம் போய்விட்டது. சரி, அப்படியானால் 70 சதவீத அடைப்பு நிச்சயம் ரத்தத்தைத் தடுக்கும் என்று தோன்றும். அதுவும் சரியில்லை.

2009-இல் வெளியான ஃபேம் என்ற ஆய்வின் நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். படத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் 35 சதவீதம் மட்டுமே ரத்த ஓட்டத்தை உண்மையில் பாதித்தன. 71 முதல் 90 வரை தெரிந்தவற்றில் 80 சதவீதம் பாதித்தன. அதாவது "பெரிய அடைப்பு" என்று சொல்லப்பட்டவற்றில் ஐந்தில் ஒன்று பாதிக்கவில்லை. 91-க்கு மேல் போனால்தான் படமும் அளவீடும் ஏறக்குறைய ஒத்துப்போயின, 96 சதவீதம்.

ஏன் இப்படி? ஒரு அடைப்பு எவ்வளவு தொல்லை தரும் என்பது அதன் குறுகலை மட்டும் பொறுத்தது இல்லை. அது எவ்வளவு நீளம், அந்தக் குழாய் எவ்வளவு தசைக்கு ரத்தம் கொடுக்கிறது, அந்தத் தசை உயிரோடு இருக்கிறதா அல்லது பழைய மாரடைப்பில் வடுவாகிவிட்டதா, வேறு குழாயிலிருந்து பக்கவழி ரத்தம் வருகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. இடது முன் இறங்கு குழாயின் தொடக்கத்தில் இருக்கும் 60 சதவீதமும், ஒரு சிறு கிளையில் இருக்கும் 60 சதவீதமும் படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது இதயத்தின் முன்பக்கம் முழுவதையும் தாங்குகிறது. இரண்டாவது சிறு துண்டுத் தசையை மட்டும் தாங்குகிறது.

அழுத்தத்தை அளந்தால் ஓட்டம் எப்படித் தெரியும்?

1974-இல் லான்ஸ் கூல்டு நாய்களில் செய்த சோதனைகள் இந்தத் துறையின் அடித்தளம். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே போனபோது, ஓய்வு நிலை ரத்த ஓட்டம் ஏறக்குறைய 85 சதவீதக் குறுகல் வரை குறையவே இல்லை. ஆனால் உச்ச ஓட்டம், அதாவது குழாய்களை முழுவதும் விரியச் செய்தபோது கிடைக்கும் ஓட்டம், பாதி குறுகலிலேயே சரியத் தொடங்கிவிட்டது. பெரிய குழாயில் தடை ஏற்பட்டதும் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் தாமாகவே விரிந்து ஓய்வு நிலை ஓட்டத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. அந்த விரியும் கையிருப்பு தீர்ந்துபோன பிறகு, மாடி ஏறும்போது கூடுதலாகக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் நெஞ்சு பிடிக்கிறது. ஓய்வில் வலியே இல்லாதவருக்கு நடக்கும்போது வலி வருவதன் காரணம் இதுதான்.

ஆகவே அளக்க வேண்டியது உச்ச ஓட்டத்தை. குழாய்க்குள் ஓட்டத்தை நேரடியாக அளப்பது கடினம். அழுத்தத்தை அளப்பது எளிது. நிகோ பைல்ஸும் பெர்னார்ட் டி ப்ரூய்னும் 1990-களின் தொடக்கத்தில் கண்ட வழி இது. மருந்து கொடுத்து நுண்குழாய்களை முழுவதும் விரியச் செய்துவிட்டால் அங்குள்ள தடை மிகக் குறைந்து, ஏறக்குறைய மாறாமல் நிற்கும். தடை மாறாதபோது, அழுத்தம் எவ்வளவோ ஓட்டமும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். நல்ல குழாயில் மகாதமனியின் அழுத்தம் குழாயின் கடைசி வரை ஏறக்குறைய குறையாமல் போய்ச் சேரும். எனவே அடைப்புக்கு அப்பால் உள்ள சராசரி அழுத்தத்தை (பிடி), மகாதமனியின் சராசரி அழுத்தத்தால் (பிஏ) வகுத்தால், அடைப்பே இல்லாவிட்டால் கிடைத்திருக்கக்கூடிய உச்ச ஓட்டத்தில் இப்போது எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிஏ 92, பிடி 68 என்றால் 68-ஐ 92-ஆல் வகுக்க 0.74. கிடைக்க வேண்டிய உச்ச ஓட்டத்தில் 74 சதவீதம்தான் அந்தத் தசைக்குப் போகிறது. நல்ல குழாயின் அளவு 1.0. யாருக்கும், எந்தக் குழாய்க்கும் இயல்பு அளவு 1.0தான் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

அழுத்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1977-இல் சூரிச்சில் முதல் பலூன் சிகிச்சையைச் செய்த ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக், பலூன் கேத்தீட்டர் வழியாகவே அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்தார். ஆனால் அந்தக் கேத்தீட்டர் தடிமனானது. குறுகிய வாயில் அது நுழைந்தாலே அடைப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். 0.014 அங்குலம், அதாவது 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள வயரில் அழுத்த உணரியைப் பொருத்த முடிந்த பிறகுதான் இது நம்பத்தக்கதானது.

யாருக்குச் செய்ய வேண்டும்

படத்தில் 40 முதல் 90 சதவீதம் வரை தெரியும் அடைப்பு, ஆனால் டிரெட்மில், ஸ்கேன் போன்ற சோதனையில் அந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்ற சான்று கையில் இல்லை: இதுதான் முதன்மையான இடம். பல குழாய்களில் அடைப்பு இருந்து எதைத் திறப்பது, எதை விடுவது என்று தெரியாத நிலையிலும் இதன் பயன் பெரிது. 90-க்கு மேல் இறுகிப்போய், அறிகுறியும் பொருந்துகிறது என்றால் அளப்பதில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

செய்யக் கூடாத இடம் ஒன்று உண்டு. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது, அதற்குக் காரணமான குழாயில் எஃப்எஃப்ஆர் எடுக்கக் கூடாது. அடிபட்ட தசையின் நுண்குழாய்கள் அப்போது மருந்துக்கு முழுவதும் விரியாது. விரியாவிட்டால் ஓட்டம் குறைவு. ஓட்டம் குறைந்தால் அழுத்த இழப்பும் குறைவு. எண் பொய்யாக நன்றாகத் தெரியும். மாரடைப்பு நோயாளியின் மற்ற குழாய்களில் எடுக்கலாமா என்பதில் விவாதம் உண்டு. 2021-இல் வெளியான ஃப்ளவர்-எம்ஐ ஆய்வில், படத்தைப் பார்த்துச் செய்ததைவிட எஃப்எஃப்ஆர் பார்த்துச் செய்தது மேல் என்று நிரூபணமாகவில்லை.

படி 1: முந்தைய நாளிலிருந்தே தயாரிப்பு

நுண்குழாய்களை விரியச் செய்யும் மருந்தாக அடினோசின் பயன்படுத்துவதாக இருந்தால் காபி, டீ, கோலா, சாக்லேட் எதுவும் முந்தைய 12 முதல் 24 மணி நேரம் வேண்டாம். காஃபின் அடினோசினின் வேலையைத் தடுக்கும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையும் அப்படியே. நோயாளிக்கு இதை வெறும் "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்பதோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் மறந்துவிடுவார்கள்; காரணத்தையும் சொன்னால் நினைவில் நிற்கும்.

கடுமையான ஆஸ்துமா இருக்கிறதா, இசிஜியில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை ஹார்ட் பிளாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அடினோசின் கூடாது. வேறு வழி பார்க்க வேண்டும். எடையைச் சரியாக எழுதி வையுங்கள், மருந்தளவு எடையைப் பொறுத்தது.

படி 2: குழாய்க்குள் நுழைவது

மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ 6 பிரெஞ்ச் அளவுள்ள கைடு கேத்தீட்டர் (வயரை இதயக் குழாயின் வாய் வரை கொண்டுசெல்லும் குழல்) போதும். ஆஞ்சியோவுக்குப் பயன்படுத்தும் டயக்னாஸ்டிக் கேத்தீட்டரில் எடுக்க முயல வேண்டாம். உள்துவாரம் குறுகலாக இருப்பதால் அழுத்த அலை சரியாக வராது, ஏதாவது சிக்கல் வந்தால் உடனே சிகிச்சை செய்யவும் முடியாது. பக்கத் துளை உள்ள கைடும் வேண்டாம். துளை வழியாக மகாதமனி அழுத்தம் கலந்து வரும், குழாய்க்குள் செலுத்தும் மருந்தும் வெளியே கசிந்துவிடும்.

வயர் உள்ளே போகும் முன் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தாக வேண்டும், கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். "அளக்க மட்டும்தானே போகிறோம்" என்று இதைக் குறைக்கக் கூடாது. குழாய்க்குள் வயர் போகிறதென்றால் அது ஸ்டென்ட் வைக்கும் போது எடுக்கும் அத்தனை முன்னெச்சரிக்கையும் வேண்டிய வேலை. பிறகு குழாய்க்குள் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம். வயர் பட்டதும் குழாய் சுருங்கினால் அந்தச் சுருக்கமும் அடைப்பாக அளக்கப்பட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் இது.

படி 3: பூஜ்யம், பிறகு சமன்

முதலில் இரண்டு அழுத்தமானிகளையும் வெளிக்காற்றுக்குப் பூஜ்யமாக்குங்கள். வெளியே இருக்கும் டிரான்ஸ்டியூசர் (கைடு வழியாக மகாதமனி அழுத்தத்தை அளக்கும் கருவி) இதயத்திலிருந்து மகாதமனி புறப்படும் மட்டத்தில் இருக்க வேண்டும். படுத்திருப்பவரின் மார்பெலும்புக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கீழே. 10 சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் 7 மி.மீ. பாதரசத்துக்கு மேல் பிழை தரும்.

அப்புறம் வயரை உள்ளே விட்டு, உணரியைக் கைடின் நுனிக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். பெரும்பாலான வயர்களில் உணரி நுனியிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே, எக்ஸ்ரேயில் கருமையாகத் தெரியும் பகுதி முடியும் இடத்தில் இருக்கும். வயரை நுழைக்கப் பயன்படுத்திய ஊசியை வெளியே எடுங்கள், கைடின் வெளிமுனையில் உள்ள ஒய் கனெக்டரை இறுக்கி மூடுங்கள், கைடில் உள்ள சாயத்தை உப்புநீரால் கழுவுங்கள். இப்போது இரண்டு அழுத்த வரைபடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். வடிவம் பொருந்தி அளவில் மட்டும் சின்ன வித்தியாசம் இருந்தால் கருவியில் சமன் பொத்தானை அழுத்தலாம். வடிவமே பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஏதோ கசிவோ காற்றுக் குமிழோ இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

படி 4: அடைப்பைத் தாண்டுவது

உணரி அடைப்புக்கு அப்பால் குறைந்தது 2, 3 சென்டிமீட்டராவது போயிருக்க வேண்டும். அடைப்பை ஒட்டியே நிறுத்தினால் அங்கே ரத்தம் சுழன்று ஓடுவதால் அழுத்தம் தவறாக வரும். அளந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு அதே இடத்தில் மறுபடியும் அளக்க வேண்டியிருக்கும். வயர் எங்கே போக மறுத்தாலும் அழுத்தித் தள்ள வேண்டாம். வயரால் குழாய்ச் சுவர் கிழிவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது.

படி 5: உச்ச ஓட்டத்தை வரவழைப்பது

தரமான முறை அடினோசினைச் சிரை வழியாகத் தொடர்ந்து செலுத்துவது: கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். முழங்கை மடிப்பிலோ தொடையிலோ உள்ள பெரிய சிரை வழியாகப் போக வேண்டும். புறங்கையில் இருக்கும் மெல்லிய ஊசி போதாது. அடினோசினின் ஆயுள் சில விநாடிகள்தான், மெதுவாகப் போனால் இதயத்தைச் சேரும் முன்பே தீர்ந்துவிடும். ஒன்று முதல் இரண்டு நிமிடத்தில் அழுத்தம் இறங்கி நிலைக்கும்.

அந்த நேரத்தில் நோயாளிக்கு நெஞ்சு அழுத்தும், மூச்சு வாங்குவதுபோல இருக்கும், முகம் சிவந்து சூடாகும். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மேசையில் விழித்தபடி படுத்திருப்பவருக்குத் திடீரென்று நெஞ்சு பிடித்தால், அதுவும் இதயத்துக்குள் வயர் இருப்பது தெரிந்திருக்கும்போது, அந்தப் பயத்தை நினைத்துப் பாருங்கள். "மருந்து நிறுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும்" என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

குழாய்க்குள்ளேயே நேரடியாகச் செலுத்தும் முறையும் உண்டு: வலது குழாய்க்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம், இடது குழாய்க்கு 200. வேகமானது, தொல்லையும் குறைவு. ஆனால் விளைவு சில விநாடிகளில் தீர்ந்துவிடும் என்பதால் வயரை மெல்லப் பின்னிழுத்து அளக்க முடியாது. செலுத்தியதும் கைடைக் குழாய் வாயிலிருந்து சற்று விலக்க மறக்காதீர்கள். அடினோசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, சில இடங்களில் குழாய்க்குள் 2 மில்லிகிராம் நிகோராண்டில் கொடுக்கிறார்கள்.

நிலைத்த உச்ச ஓட்டத்தின்போது வரும் மிகக் குறைந்த விகிதம்தான் எஃப்எஃப்ஆர். கருவி சில நேரம் நடுவில் வரும் ஒரு ஒற்றைத் துடிப்பை, உதாரணமாக ஒழுங்கு தவறி வரும் ஒரு எக்டோபிக் துடிப்பை, குறைந்த அளவாகப் பிடித்துக்கொள்ளும். திரையின் எண்ணை அப்படியே எழுதாமல் வரைபடத்தைப் பார்த்து எழுதுங்கள்.

படி 6: பின்னிழுத்துப் பார்ப்பது

எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சிலர் நேரமில்லை என்று விட்டுவிடுவது வருத்தமாக இருக்கிறது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரை மெதுவாக, ஒரே வேகத்தில் பின்னுக்கு இழுத்தால் அழுத்தம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று தெரியும். ஒரே இடத்தில் சட்டென்று படியேறினால் அங்கேதான் அடைப்பு; ஸ்டென்ட் அங்கே பலன் தரும். குழாய் நெடுகச் சிறிது சிறிதாக ஏறினால் நோய் முழு நீளத்துக்கும் பரவியிருக்கிறது. எண் 0.74 என்று இருந்தாலும் ஒரு ஸ்டென்ட்டால் அதைத் தீர்க்க முடியாது. ஒரே எண், முற்றிலும் வேறான இரண்டு முடிவு.

ஒரே குழாயில் இரண்டு அடைப்பு இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். முதல் அடைப்பு ஓட்டத்தைக் குறைப்பதால் இரண்டாவதின் அழுத்த இழப்பு குறைவாகத் தெரியும். பெரிய படி எங்கே இருக்கிறதோ அதை முதலில் சரிசெய்து, மறுபடி அளந்த பிறகே இரண்டாவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். முதல் ஸ்டென்ட் வைத்ததும் இரண்டாவது அடைப்பு திடீரென்று பெரிதாகத் தெரிவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அப்போதுதான் தன் உண்மை அளவைக் காட்டுகிறது.

படி 7: டிரிஃப்ட் (உணரி காட்டும் அளவு நகர்ந்துபோவது) சரிபார்ப்பு

உணரியைக் கைடின் நுனிக்குக் கொண்டுவந்து, இரண்டு அழுத்தமும் இன்னும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 2 மி.மீ. பாதரசம் வரை வித்தியாசம் பரவாயில்லை. 3-ஐத் தாண்டினால் மறுபடி சமன் செய்து முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உண்மையான பிஏ 90, பிடி 70 என்று வையுங்கள். எஃப்எஃப்ஆர் 0.78, எல்லையான 0.80-க்குக் கீழே, சிகிச்சை தேவை. உணரியின் அளவு நகர்ந்து 4 மி.மீ. கூட்டிக் காட்டினால் பிடி 74 என்று வரும், எஃப்எஃப்ஆர் 0.82, சிகிச்சை வேண்டாம். நான்கே நான்கு மில்லிமீட்டர் ஒருவருடைய சிகிச்சையைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. டிரிஃப்ட் பார்க்காத அளவீட்டை அளவீடாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்ணைப் பொய்யாக்கும் மற்ற காரணங்கள்

கைடு குழாய் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிஏ அலை மழுங்கி, வெளி அழுத்தம் குறைவாகத் தெரியும். விகிதம் உயரும், மோசமான அடைப்பு நல்லதுபோலத் தோன்றும். அலையின் வடிவத்தைப் பார்த்தாலே தெரியும், மகாதமனி அலைக்குரிய சிறு வெட்டு மறைந்து, இதய அறையின் அலைபோல மாறிவிடும். கைடை விலக்கிப் பாருங்கள். நுழைப்பு ஊசியை எடுக்க மறந்தாலும் இதே திசையில்தான் பிழை. உச்ச ஓட்டம் முழுவதும் வராவிட்டாலும் அப்படியே. கவனித்தால் புரியும்: பெரும்பாலான தவறுகள் எண்ணை உயர்த்தி, சிகிச்சை தேவையானவரை "தேவையில்லை" பக்கம் தள்ளுகின்றன. 0.81, 0.82, 0.83 என்று வரும்போது அதனால்தான் கூடுதல் சந்தேகம் வேண்டும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. வளைந்து நெளிந்த குழாயில் வயர் போனதும் குழாய் நிமிர்ந்து மடிப்பு விழலாம். அந்த மடிப்பு பொய்யான அடைப்பாக அளக்கப்படும். படத்தில் வயர் போகும் முன் இல்லாத குறுகல் இப்போது தெரிந்தால் அதுதான். சமன் செய்த பிறகு டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டில் இருக்க, மேசை உயரத்தை மட்டும் யாராவது மாற்றினாலும் மொத்தமும் கெட்டுவிடும். இது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளும்.

எண் வந்துவிட்டது, இனி?

0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. திறப்பதால் பலன் இருக்க வாய்ப்பு உண்டு. 0.80-க்கு மேல் என்றால் பொதுவாக மருந்து போதும். 1996-இல் வெளியான தொடக்க ஆய்வில் எல்லை 0.75, ஃபேம் முதலான பின்னாளைய ஆய்வுகள் 0.80 என்று வைத்தன. நடுவில் உள்ள 0.75 முதல் 0.80 வரை சாம்பல் நிறப் பகுதி. அங்கே நோயாளியின் வலி, தசையின் அளவு, மற்ற சோதனைகள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். 0.79 வந்தவர் ஒரு வகை மனிதர், 0.81 வந்தவர் வேறு வகை என்று நினைப்பது தவறு.

மருந்து மட்டும் போதும் என்று விடுவது பாதுகாப்பா? இந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் டிஃபர் ஆய்வு. எஃப்எஃப்ஆர் 0.75-க்குக் குறையாத அடைப்புகளில் பாதிப்பேருக்குப் பலூன் அல்லது ஸ்டென்ட் செய்து, பாதிப்பேருக்கு விட்டுவிட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செய்யாமல் விட்டவர்களில் மாரடைப்பு 2.2 சதவீதம், செய்தவர்களில் 10 சதவீதம். தேவையில்லாத ஸ்டென்ட் பாதுகாப்பு தருவதில்லை. 1005 பேர் கலந்துகொண்ட ஃபேம் ஆய்வில், படத்தை மட்டும் பார்த்து வைத்த குழுவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், அளந்து வைத்த குழுவில் 1.9. ஓராண்டில் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை மூன்றும் சேர்ந்த கணக்கு முதல் குழுவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2.

மறுபக்கத்தை 2012-இன் ஃபேம் 2 காட்டியது. 0.80-க்குக் கீழே இருந்தும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 11.1 சதவீதம் பேர் அவசரமாகக் குழாயைத் திறக்க வேண்டிய நிலைக்கு வந்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் 1.6 சதவீதம்தான். வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஆய்வில் ஆள் சேர்ப்பதையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆனால் இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று குழாயிலும் நோய் இருப்பவர்களுக்கு எஃப்எஃப்ஆர் பார்த்து ஸ்டென்ட் வைத்தாலும் பைபாஸுக்கு ஈடாகவில்லை என்று ஃபேம் 3 காட்டியது: ஓராண்டில் 10.6 சதவீதத்துக்கு எதிராக 6.9.

0.80-க்கு மேல் என்றால் நோயே இல்லை என்று பொருளில்லை. சுவரில் கொழுப்பு இருக்கிறது. அது நாளை வெடிக்கவும் கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது எல்லாமே இவருக்கும் முழுமையாகப் பொருந்தும். "ஸ்டென்ட் வேண்டாம்" என்பதை "மாத்திரை வேண்டாம்" என்று புரிந்துகொண்டு போய்விடாதீர்கள். ரத்தத்தைக் குறைக்காத, ஆனால் வெடிக்கக்கூடிய கொழுப்புப் படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்துப் பார்த்த பிரிவென்ட் ஆய்வு 2024-இல் ஸ்டென்ட்டுக்குச் சாதகமாக வந்தது. அது ஒரே ஆய்வு. இப்போதைக்கு அதை வைத்து எல்லோருக்கும் செய்வது சரியல்ல.

ஸ்டென்ட் வைத்த பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். 0.90 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்ல அறிகுறி. குறைவாக இருந்தால் ஸ்டென்ட் முழுவதும் விரியவில்லையா, ஓரத்தில் கிழிசலா, கண்ணுக்குப் படாத வேறு அடைப்பா என்று பின்னிழுத்துத் தேட வேண்டும்.

அடினோசின் இல்லாத வழிகள்

ஐஎஃப்ஆர் என்ற அளவீடு இதயம் தளரும் நேரத்தில், அழுத்த அலைகள் ஓய்ந்திருக்கும் ஒரு சிறு இடைவெளியில் அதே விகிதத்தை மருந்தில்லாமல் எடுக்கிறது. எல்லை 0.89. 2017-இல் டிஃபைன்-ஃப்ளேர், ஐஎஃப்ஆர்-ஸ்வீட்ஹார்ட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் ஓராண்டு முடிவில் இது எஃப்எஃப்ஆருக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. டிஃபைன்-ஃப்ளேரின் ஐந்தாண்டுக் கணக்கில் ஐஎஃப்ஆர் குழுவில் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஏன் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐந்தில் ஒன்று அளவில் இரண்டும் ஒத்துப்போகாது. எல்லைக்கு ஒட்டி வந்தால் நான் அடினோசின் கொடுத்து உறுதி செய்வதையே விரும்புவேன்.

வயரே இல்லாமல் ஆஞ்சியோ படத்திலிருந்து கணக்கிடும் க்யூஎஃப்ஆர், சிடி ஸ்கேனிலிருந்து கணக்கிடும் எஃப்எஃப்ஆர்-சிடி ஆகியவையும் உண்டு. சிடி வழி, கேத் லேப்புக்கே போகாமல் தப்பிக்கக்கூடியவரைக் கண்டுபிடிக்க உதவும். க்யூஎஃப்ஆர் படத்தைப் பார்ப்பதைவிட மேல் என்று சீனாவில் நடந்த ஃபேவர் 3 ஆய்வு காட்டியது. ஆனால் ஐரோப்பாவில் எஃப்எஃப்ஆரோடு நேராக ஒப்பிட்டபோது அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

எண் நன்றாக இருந்தும் வலி போகவில்லை என்றால்

எஃப்எஃப்ஆர் பெரிய குழாயை மட்டும் அளக்கிறது. நுண்குழாய்களில் நோய் இருந்தால் பெரிய குழாயில் 0.92 வந்தாலும் நெஞ்சுவலி வரும். பெண்களிடம் இது அதிகம். "குழாய் நன்றாக இருக்கிறது, இது இதயவலி இல்லை" என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதே வயரை வைத்தே, உப்புநீர் செலுத்தி வெப்ப மாற்றத்தை அளந்து, ஓட்டக் கையிருப்பையும் நுண்குழாய்த் தடையையும் கண்டுபிடிக்கலாம். கையிருப்பு 2-க்குக் கீழே, அல்லது தடை எண் 25 அல்லது அதற்கு மேல் என்றால் நுண்குழாய் நோய் என்று கொள்கிறார்கள். இப்படி அளந்து அதற்கேற்ற மருந்து கொடுத்தால் வலி குறைகிறது என்று 2018-இல் கோர்மிகா ஆய்வு காட்டியது.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

எந்தக் குழாய், உணரி எந்த இடத்தில் நின்றது, எந்த மருந்து எந்த வழியாக எவ்வளவு, ஓய்வு நிலை விகிதம், எஃப்எஃப்ஆர், பின்னிழுத்ததில் தெரிந்தது படியா சரிவா, கடைசியில் டிரிஃப்ட் எத்தனை மில்லிமீட்டர். இத்தனையும் எழுதி, வரைபடத்தையும் சேமித்து வையுங்கள். "எஃப்எஃப்ஆர் 0.83" என்று ஒற்றை வரியில் முடிந்த அறிக்கையை இரண்டு வருடம் கழித்து வேறொருவர் பார்த்தால் அதை நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியாது.

நோயாளியாகவோ உறவினராகவோ இருந்தால், மேசைக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேட்கலாம்: இந்த அடைப்பு ரத்தத்தைக் குறைக்கிறது என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? இல்லையென்றால் இன்றே அளந்து பார்க்க முடியுமா? அளந்து 0.80-க்கு மேல் வந்தால் ஸ்டென்ட் வைக்காமல் விடுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதிலை, மயக்க மருந்தோ தூக்க மருந்தோ கொடுக்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.